பதினேழு வயதுக்குப் பிறகு பந்து எங்கே போகிறது?

கிள்ளானில் மாலை ஐந்தரை மணிக்குத்தான் மழை விட்டது. திடலின் ஒரு மூலையில் கணுக்கால் வரை தண்ணீர். பயிற்றுநர் அந்தக் குட்டையை விட்டுத் தள்ளி ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். பையன்கள் பதினெட்டுப் பேர். எல்லாரும் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள்.

இடது ஓரத்தில் ஆடிய ஒல்லிப் பையனை மட்டும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பந்து தன்னிடம் வந்து சேருமுன் ஒருமுறை தோளுக்குப் பின்னால் திரும்பி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறான். பந்து காலில் பட்ட பிறகு அவன் யோசிப்பதில்லை. யோசனை முன்பே முடிந்துவிடுகிறது. அவன் போட்டிருந்த பூட்ஸின் வலது முனை பிளந்து, கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

வேலி ஓரமாகத் தொழிற்சாலைச் சீருடையோடு நின்றிருந்தவர் அவனுடைய அம்மா. பேச்சுக் கொடுத்தேன்.

"பந்தெல்லாம் நல்லாத்தான் ஆடுறான் அண்ணே. சிலாங்கூர் பள்ளி டீமுக்குக்கூட எடுத்தாங்க. ஆனா அடுத்த வருஷம் எஸ்பிஎம் பரீட்சை. அதுக்கப்புறம் இவன எங்கண்ணே கொண்டுபோய் விடுறது?"

அந்த இடத்தில் என்னிடம் பதில் இல்லை. நாற்பது ஆண்டுகளாக இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்பந்து பார்ப்பவன் நான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

தோட்டத்துத் திடல்

மலேசியத் தமிழனின் காற்பந்து தோட்டத்தில் பிறந்தது. கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, திடல் ஆகிய நான்கும் இல்லாத தோட்டத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பால் மரம் வெட்டி, எடை போட்டு, குளித்துவிட்டு நாலரை மணிக்குத் திடலுக்கு வந்தால் இருட்டும் வரை ஆட்டம். பக்கத்துத் தோட்டத்தோடு போட்டி என்றால் லாரி வைத்துக்கொண்டு ஆள் போகும். பிரிக்ஃபீல்ட்ஸில் இதையே இரயில்வே குடியிருப்புகள் செய்தன. துன் சம்பந்தன் சாலையிலிருந்து சற்று உள்ளே போனால் ஒய்எம்சிஏ இருக்கும் தெருவுக்கு இன்றும் 'ஜாலான் பாடாங் பெலியா' என்றுதான் பெயர். இளைஞர் திடல் சாலை என்று பொருள்.

அப்படி வளர்ந்த தலைமுறைகள் நாட்டுக்கு எதைக் கொடுத்தன என்பது ஊரறிந்த கதை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணியில் எம். சந்திரன் இருந்தார். 1980-இல் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்றே அவரை அழைத்தார்கள். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர் மாஸ்கோ போகவில்லை. 1988-இல் சாலை விபத்தில் இறந்துபோனார். 2016-இல் வந்த 'ஓலா போலா' படத்தின் கோல் காவலர் முத்துவைப் பார்த்துக் கண் கலங்கிய இளைஞர்களில் பலருக்கு, முத்துவுக்குப் பின்னால் ஓர் ஆறுமுகம் இருந்தார் என்று தெரியாது. பெற்றவர்கள் சொல்ல வேண்டும்.

பிறகு 2010. தென்கிழக்காசியக் கிண்ணத்தின் இறுதியாட்டம், முதல் சுற்று, டிசம்பர் 26, புக்கிட் ஜாலில் தேசிய அரங்கம். இந்தோனேசியாவை மலேசியா 3-0 என வென்றது. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2 என்று முதன்முறையாகக் கிண்ணம் நம் கைக்கு வந்தது. பயிற்றுநர் கே. ராஜகோபால். அணியில் எஸ். குணாளன்.

அந்த அரங்கம் நிற்கும் மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1998 காமன்வெல்த் போட்டிக்காக எழுந்த அந்த விளையாட்டு வளாகம் முன்பு புக்கிட் ஜாலில் ரப்பர் தோட்டம். நம் ஆட்கள் பால் வெட்டிய மண். தோட்டம் போன பிறகும் அங்கே வாழ்ந்த குடும்பங்கள் வீட்டு நிலத்துக்காகப் பல ஆண்டுகள் போராடின. எண்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரும் அந்த அரங்கில் நம் தமிழர் ஒருவர் பயிற்றுவித்த அணி வென்ற இரவில், பாட்டன் மரம் வெட்டிய இடத்தில் பேரன் கொடி பிடித்து நின்றான். நானும் அங்கே இருந்தேன். மறக்க மாட்டேன்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் கிள்ளான், காப்பார், பூச்சோங், பந்திங் பக்கத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்த பிறகு திடல் போய்விட்டது. கார் நிறுத்துமிடம் வந்தது. பந்து ஃபுட்சால் கூண்டுக்குள் போனது, அதுவும் மணிக்கு இவ்வளவு என்ற வாடகைக்கு. இருந்தாலும் பையன்கள் ஆடுவதை நிறுத்தவில்லை. பத்து வயதில், பன்னிரண்டு வயதில் நம் பிள்ளைகள் எங்கும் இருக்கிறார்கள். பதினேழுக்குப் பிறகுதான் காணாமல் போகிறார்கள்.

ஷா ஆலம் செய்து காட்டியது

அமெரிக்காவில் இந்த வயதுக்கு ஒரு வாசல் இருக்கிறது. அங்கே பல்கலைக்கழக விளையாட்டு என்பது ஒரு தனி உலகம். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது கையில் பிடித்து ஓடும் வேறோர் ஆட்டம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் 107,601 பேர் உட்காரலாம், நம் புக்கிட் ஜாலிலைவிடப் பெரியது. ஆட்டத்துக்காக மாணவனுக்கு உதவித்தொகை உண்டு. ஒரு பல்கலைக்கழகம் பிடிக்கவில்லை, ஆட இடம் கிடைக்கவில்லை என்றால், 2018 முதல் இயங்கும் மாற்றப் பதிவேட்டில் பெயரைப் போட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போகலாம். 2025 ஜூனில் ஒரு நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு, பல்கலைக்கழகங்கள் வருமானத்திலிருந்தே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. முதல் ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் உச்சவரம்பு ஏறத்தாழ 205 இலட்சம் டாலர். பணம் இந்த அளவுக்குப் புகுந்த பிறகு படிப்பு எங்கே நிற்கும் என்ற கவலை அங்கேயே இருக்கிறது. அதை நாம் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை.

நம் கண்ணெதிரே, ஃபெடரல் நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே, ஒரு முயற்சி நடந்தது. ஷா ஆலமில் உள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அதாவது யூஐடிஎம், தன் பெயரிலேயே ஒரு காற்பந்துக் கழகத்தை நடத்தியது. பல்கலைக்கழக வளாகத்து அரங்கமே அதன் சொந்தத் திடல். பல ஆண்டுகள் இரண்டாம் நிலையான பிரீமியர் லீக்கில் ஆடியது. 2019 முடிவில் மேலே ஏறும் வாய்ப்பு வந்தது. பட்டியலில் அதற்கு முன்னால் நின்ற அணிகளில் இரண்டு, ஜொகூர், திரெங்கானு கழகங்களின் இரண்டாம் அணிகள். அவை மேலேற விதியில் இடமில்லை. அப்படியாக 2020-இல் மலேசிய சூப்பர் லீக்கில் ஆடிய முதல் பல்கலைக்கழக அணி என்ற பெயரை யூஐடிஎம் பெற்றது.

முதல் பருவத்திலேயே கொவிட். 22 ஆட்டம் ஆட வேண்டிய இடத்தில் 11 ஆட்டத்தோடு லீக் முடிந்தது. ஜெர்மானியப் பயிற்றுநர் ஃபிராங்க் பெர்ன்ஹார்ட்டின் கீழ் யூஐடிஎம் ஆறாவது இடம் பிடித்தது. பாதிப் பருவம்தானே என்று சிலர் தட்டிக்கழித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோடிக்கணக்கில் செலவழிக்கும் மாநில அணிகளுக்கு நடுவே, ஒரு பல்கலைக்கழகம் பட்டியலின் மேல்பாதியில் நின்றது.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். நன்றாக ஆடியவர்களைப் பெரிய கழகங்கள் தூக்கிக்கொண்டு போயின. லெபனான் தேசிய ஆட்டக்காரர் ராபிஹ் அதாயா 2020-இல் யூஐடிஎம்முக்கு ஆடினார், அடுத்த பருவம் கெடாவில் இருந்தார். நம் நாட்டில் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓராண்டு, மிஞ்சினால் ஈராண்டு. சின்னக் கழகம் ஆளை வளர்க்கும், பெரிய கழகம் அறுவடை செய்யும். 2021-இல் யூஐடிஎம் கடைசி இடத்துக்கு விழுந்து கீழே இறங்கியது. 2022 பருவத்துக்குப் பிறகு லீக்கை விட்டே விலகியது.

யூஐடிஎம் பூமிபுத்ரா மாணவர்களுக்கான பல்கலைக்கழகம். அதன் பட்டப்படிப்பில் நம் பிள்ளைக்கு இடம் கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிறகு ஏன் அந்தக் கழகத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்? பாடப்புத்தகத்தையும் பூட்ஸையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போக ஓர் இடம் இந்த நாட்டில் சாத்தியம் என்று அது காட்டியது. மற்றப் பல்கலைக்கழகங்களும் முயன்றன. பாங்கியில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் அணி பிரீமியர் லீக்கில் ஆடியது. அண்மையில் மலாயாப் பல்கலைக்கழகம் டாமான்சாரா யுனைடெட்டோடு கைகோத்து, 'யூஎம்–டாமான்சாரா யுனைடெட்' என்ற பெயரில் ஏ1 பகுதி-தொழில்முறை லீக்குக்கு வந்திருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் பந்தாய் பகுதியிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் காரில் பத்து நிமிடம். அந்தக் கதவு எல்லா இனத்துக்கும் திறந்திருக்கிறது. நம் பிள்ளைகள் அதைத் தட்ட வேண்டும்.

நம் பெயரில் ஓர் அணி இருந்தது

அதே ஆண்டுகளில் நம் சமூகத்தின் கையிலும் ஒரு கழகம் இருந்தது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கமான மீஃபா, டத்தோ டி. மோகன் தலைமையில், 2017-இல் பிரீமியர் லீக்கில் அணியை இறக்கியது. அன்று பெட்டாலிங் ஜெயாவில் உள்ள எம்பிபிஜே அரங்கில் உறுமி மேளம் கேட்டது. கிள்ளானிலிருந்து, செந்தூலிலிருந்து, ரவாங்கிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். பட்டியலில் நம் பெயர்கள் வரிசையாக ஒலித்தன. மைக்கில் அறிவிப்பாளர் தடுமாறாமல் 'கோகிலேஸ்வரன்' என்று சொல்லக் கற்றுக்கொண்டார்.

2019-இல் அந்த அணி பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு சூப்பர் லீக்குக்குப் போனது. கியூஐ குழுமம் முதலாளி. மற்றக் கழகங்கள் பிரேசிலிலும் ஆப்பிரிக்காவிலும் கோல் அடிப்பவர்களைத் தேடிய நேரத்தில், பி. மணியம் பயிற்றுவித்த இந்த அணி 2021-இல் இறக்குமதி ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் சூப்பர் லீக்கில் ஆடியது. பதினொரு பேரும் உள்ளூர். தமிழர், மலாய்க்காரர், சீனர், கடசான் எல்லாரும் இருந்தார்கள். அந்த ஆண்டு அவர்கள் கீழே இறங்கவில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

2022 முடிந்ததும் அந்தக் கழகமும் சூப்பர் லீக்கை விட்டு விலகியது. ஆட்டக்காரர்கள் கலைந்தார்கள். டேரன் லோக் சபாவுக்குப் போனார். பெயர் உள்ளவர்களுக்கு வேறு கழகம் கிடைத்தது. பெயர் வராத இருபது வயதுப் பையன்களுக்கு என்ன கிடைத்தது? எனக்குத் தெரிந்து இருவர் இன்று மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகம் செய்கிறார்கள். நேர்மையான உழைப்பு, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அவர்கள் கையில் ஒரு பட்டயச் சான்றிதழாவது இருந்திருக்கலாம். எஸ்பிஎம்மை முடித்த கையோடு பந்தை நம்பிப் போனவர்கள் அவர்கள். கழகம் நின்றபோது படிப்பும் இல்லை, பந்தும் இல்லை.

ஒரே ஆண்டில் யூஐடிஎம்மும் போனது, பிஜே சிட்டியும் போனது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இரண்டு ஏணிகளை ஒன்றாக எடுத்துவிட்டார்கள்.

மூன்று ஆண்டுக்குப் பின் நாடு என்ன செய்தது? 2025 ஜூன் 10-ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 4-0 என வென்றோம். ஊரே கொண்டாடியது. செப்டம்பரில் ஃபிஃபா, அந்த ஆட்டத்தில் களமிறங்கிய, வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் வம்சாவளி ஆவணங்களில் மோசடி என்று கூறி, அவர்களுக்குத் தலா ஓராண்டுத் தடையும் மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. நவம்பரில் ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழுவும் அந்த முடிவை மாற்றவில்லை. யாரோ ஒருவருடைய பாட்டி மலாயாவில் பிறந்தாரா என்று கடல் தாண்டித் தேடினார்கள். தெலுக் பங்லிமா காராங்கில் பாட்டியும் இருக்கிறார், பேரனும் இருக்கிறான், பந்தும் இருக்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

ஜப்பானியன் எப்படிச் செய்தான்?

நாம் பார்க்க வேண்டியது அமெரிக்காவை அல்ல, ஜப்பானை. கவோரு மிதோமா என்ற பெயரைப் பிரைட்டன் ஆட்டம் பார்க்கும் நம் பையன்கள் அறிவார்கள். கவாசாகி கழகத்தின் இளையோர் அணியில் வளர்ந்தவர். பதினெட்டு வயதில் மூத்த அணியில் சேரக் கழகம் அழைத்தபோது, இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டுச் சுகுபா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். அங்கே அவர் எழுதிய ஆய்வேடு எதைப் பற்றி? பந்தை உருட்டிக்கொண்டு எதிராளியைத் தாண்டுவது பற்றி. சக மாணவர்களின் தலையில் கேமரா கட்டி, நன்றாக ஆடுபவனின் கண் எங்கே போகிறது என்று ஆராய்ந்தார். 2022 உலகக் கிண்ணத்தில் ஸ்பெயினுக்கு எதிராகக் கோட்டைத் தாண்டப்போன பந்தை மயிரிழையில் உள்ளே இழுத்து ஜப்பானுக்குக் கோல் வாங்கிக் கொடுத்தது அதே கால்தான்.

அவர் ஒருவர் மட்டுமல்ல. ஜூன்யா இதோ, மொரிதா, தனிகுச்சி, உவேதா ஆகியோரும் பல்கலைக்கழக அணி வழியாக வந்தவர்கள். 2024 ஜூனில் பேரரசர் கிண்ணத்தில், அப்போது ஜே லீக்கின் முதலிடத்தில் இருந்த மச்சிதா ஸெல்வியாவை இதே சுகுபா மாணவர்கள் பெனால்டியில் வென்று வெளியேற்றினார்கள். பதினெட்டில் முதிராத உடம்புக்கு அங்கே நான்கு ஆண்டு அவகாசம் தருகிறார்கள். காயம்பட்டாலும் கையில் பட்டம் இருக்கும்.

நம்மால் இது முடியாதா? சமூகத்தின் பெயரில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் 2001 முதல் கெடாவில் நடக்கிறது. நாடு முழுக்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மீஃபா இருக்கிறது. ஆண்டுக்கு இருபது பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் படிப்புச் செலவை ஏற்று, ஓர் அணியாகச் சேர்த்து வைத்துப் பயிற்சி கொடுக்க இந்த மூன்றும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். சூப்பர் லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவருக்குக் கொடுக்கும் சம்பளத்தை மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மண்டபம் பிடித்து மாலை போடும் நிகழ்ச்சிகளில் ஒன்றிரண்டைக் குறைத்தாலும் பணம் வரும். தலைவர்களிடம் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் அந்த அம்மாவும் அவர் மகனும். மறுவாரம் அதே திடலுக்குப் போய், அன்று சொல்லத் தெரியாத பதிலைச் சொன்னேன். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பத்தில் மதிப்பெண் கணக்கு 90-க்கு 10. தொண்ணூறு விழுக்காடு தேர்ச்சிக்கு, பத்து விழுக்காடு புறப்பாடத்துக்கு. மாவட்டத்துக்கு ஆடினால் புள்ளி உண்டு, மாநிலத்துக்கு ஆடினால் அதைவிட அதிகம். அரைப் புள்ளியில் இடம் தவறிய பிள்ளைகளை நாம் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். மாநிலப் பள்ளி அணிக்கு ஆடியவனுக்கு அந்தப் பத்து விழுக்காடு பெரிய பலம்.

"சர்டிபிகேட்டெல்லாம் வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன்.

அவர் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். மாநில அணிக்கு ஆடியதற்கான சான்றிதழை அவன் பள்ளியிலிருந்து வாங்கவே இல்லை. அது எதற்குப் பயன்படும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

வீட்டில் பந்து விளையாடும் பிள்ளை இருந்தால், ஆணோ பெண்ணோ, இந்த வாரமே பள்ளிக்குப் போய்ப் புறப்பாட ஆசிரியரைப் பாருங்கள். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று எதற்கு ஆடியிருந்தாலும் சான்றிதழைக் கேட்டு வாங்கி, மூலப்படியோடு நகலும் எடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பூட்ஸ் பிளந்திருந்தால் புதிது வாங்கிக் கொடுங்கள். பயிற்சியை எஸ்பிஎம் ஆண்டிலும் நிறுத்தாதீர்கள்.